பனிக்கட்டிக் கழிவு

எடைமேடையில் காலணியோடு ஏறினார் ஸ்டெய்ன்தோர்.
"எழுபத்தொன்று புள்ளி நான்கு.
காலணிக்கு ஒன்று இரண்டு கழித்துக்கொள்"
என்றார் செவிலியிடம்.
இசாஃபியோர்துர் துறைமுகத்தில்
முப்பத்தெட்டு ஆண்டு மீனுக்கு எடை போட்டவர்.
வயது எண்பத்தேழு.

படத்தைக் காட்டினேன்.
வயிற்றுக்குள் பெருந்தமனி
ஆறு சென்டிமீட்டர் புடைத்திருக்கிறது,
தேய்ந்த டயரில் எழும் கொப்புளம்போல.
வெடித்தால்
ரெய்க்யவிக் வர விமானம் நாற்பது நிமிடம்.
மலையிடுக்கில் காற்று எழுந்தால்
விமானமே இல்லை.

அறுத்துச் சரிசெய்யலாம்.
நூற்றில் எட்டுப் பேர் திரும்புவதில்லை.
சிலருக்குச் சிறுநீரகம் ஓய்ந்துவிடும்.
சிலர் விழித்து, பெற்ற மகளைப் பார்த்து
யார் நீ என்பார்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.
பெரும்பாலும்.
இதைச் சொல்வதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன்,
பல ஆண்டுகள் தேய்த்து வழவழப்பாக்கியது.

"செய்துவிடுங்கள்" என்றாள் மகள் ஹால்பேரா,
மேலங்கியைக்கூடக் கழற்றாமல்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை.
"பெட்டி வரும்போது காட் மீனோடு
பனிக்கட்டியும் சேர்ந்தே வரும்.
அதைக் கழித்த பிறகுதான் சீட்டு.
உன் நூறு பேரில்
என் வயதுக்காரர் எத்தனை?"

கணினியில் தேடினேன். நேரம் பிடித்தது.
ஆறு.
"அந்த ஆறில்?"
நால்வர் வீடு போனார்கள்.
"போய்?
வெந்நீர்க் குளத்தில் ஐந்து படி.
ஒரு பக்கம்தான் கைப்பிடி.
தினம் காலை ஏழு மணிக்கு நான் தனியே இறங்குகிறேன்.
அந்த நால்வர் இறங்கினார்களா?"

அதை யாரும் குறித்துவைக்கவில்லை.

ஹால்பேரா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவர் தொப்பியை எடுத்தார்.
"செப்டம்பரில் மலையிலிருந்து செம்மறிகளை இறக்குவோம்.
அது முடியட்டும்."
கொப்புளத்துக்கு நாட்காட்டி தெரியாது என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

அக்டோபரில் வந்தார். வெளியே முதல் பனி.
ஆறு புள்ளி மூன்று.
செவிலி மேடையைக் காட்டியதும் குனிந்தார்,
உதவ வந்த மகளின் கையை ஒதுக்கி
மூச்சு வாங்கி வாங்கி
நாடா இரண்டையும் தானே அவிழ்த்தார்.
கம்பளிக் காலுறையோடு ஏறி
எண் நிலைகொள்ளும்வரை ஆடாமல் நின்றார்.

"அறுபத்தெட்டு ஒன்று" என்றார் என்னைப் பார்த்து.
"எழுதிக்கொள். கழிக்க எதுவும் இல்லை."