காரணம்: காற்று

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
சரக்குக் கதவைத் திறந்துவைத்தது யாரென்று
இன்றுவரை தெரியாது.
ஏரியிலிருந்து வந்த காற்று உள்ளே நுழைந்து
மேசைமேலிருந்த எஞ்சினைத்
தூக்கிக்கொண்டு போயிற்று.

ஆமாம், எஞ்சினைத்தான்.
நான்கு சிலிண்டர்,
நீர் ஓடும் வழி, எண்ணெய் இறங்கும் வழி,
போல்ட் இறுக்கும் மேடுகள், ஒன்றும் குறைவில்லை.
எடை மட்டும் ஒரு கோப்பைக் காப்பியளவு.

ஷெபாய்கன் வார்ப்பாலையின் வாகன நிறுத்தத்தில்
ஆர்டிஸ் ஸீல்கி அதைத் துரத்தினாள்,
கோட்டில்லாமல், பனியில் கால் வழுக்க.
அது ஒரு பிக்கப் வண்டிமேல் ஏறி இறங்கியது.
உப்புக் குவியலில் உட்கார்ந்து யோசித்தது.
மறுபடி எழுந்தது.
ஜன்னலில் நாங்கள் எட்டுப் பேர்.
ஒருவரும் உதவப் போகவில்லை,
சிரிக்கும்போது கால் நகராது.

உள்ளே தங்கியவற்றின் கதை வேறு.
முதலில் சீனிபோல் மணிகள்.
நீராவி பட்டதும் பொரியாய்ப் பொங்கி
அச்சுக்குள் தோளோடு தோள் ஒட்டிக்கொள்ளும்.
அறுத்த ரொட்டிபோல் ஐந்து துண்டுகளாய் வரும் எஞ்சினை
ஆர்டிஸும் நானும் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் ஒட்டும்.
பசை கூடினால் புகை கூடும்,
குறைந்தால் பின்னாளில் யாரோ ஒருவரின் கார்
நெடுஞ்சாலையில் ஒழுகும்.
பிறகு பீங்கான் குழம்பில் ஒரு முழுக்கு.
உலர் அறையில் தொங்கல்.
பிறகு மணல்,
ஈரமில்லை, பிசினில்லை, வெறும் உதிரி.
தொட்டியை நடுங்கவைத்தால்
தானே வழி விசாரித்து
ஒவ்வொரு துளைக்குள்ளும் போய் உட்காரும்.

சூ நெங் அகப்பையைச் சாய்ப்பான்.
எழுநூற்று அறுபது டிகிரி.
மற்ற ஆலைகளில் வெறும் குழியில் ஊற்றுகிறார்கள்;
இவன் ஊற்றுவது ஆள் இருக்கும் வீட்டில்.
அலுமினியம் ஓர் அங்குலம் வைத்தால்
நுரைக்கு ஓர் அங்குலம் குறையும்.
புகையாகிப் பீங்கான் தோலைக் கடந்து
மணலுக்குள் ஒதுங்கும்.
இடையில் வெற்றிடம் விழுந்தால் மணல் சரியும்,
ஆகவே விழக் கூடாது.
இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும் அந்த விளிம்பை
எங்களில் யாரும் பார்த்ததில்லை.
காது கொடுத்தால் கேட்குமாம்,
பூனை எதையோ மறுப்பதுபோல் ஒரு சீறல்.

ஆறியபின் தொட்டியைக் கவிழ்த்தால்
இருபத்தைந்து கிலோவாய் விழும்.
தோலெங்கும் மணிகளின் தடம்,
ஒவ்வொரு வெள்ளை மணியும் இருந்த இடம்.
ஒருமுறை என் கட்டைவிரலும் வந்திருந்தது,
ரேகையில்லாத ஒரு பள்ளமாக.
சோதனையில் அதை விட்டுவிட்டார்கள்.

வேலியில் சிக்கியதை ஆர்டிஸ் கொண்டுவந்தாள்,
மூன்றாம் சிலிண்டரில் மூளியாக.
கழிவுப் பதிவேட்டில் குறியீடு எழுத வேண்டும்:
பசைக் கோளாறு ஏழு, பூச்சு உரிதல் பதினொன்று,
உலோக மடிப்பு பதினான்கு.
காற்றுக்கு எண் கிடையாது.
மேற்பார்வையாளர் ட்வேன் பென்சிலைக் கடித்தார்.
கடைசியில் ‘மற்றவை’ என்று போட்டுப்
பக்கத்தில் சின்னதாக எழுதினார்: காற்று.

இப்போது அது அவள் சமையலறை ஜன்னலில்,
வெயிலில் கொஞ்சம் மஞ்சளித்து,
அடியில் அட்டை ஒட்டி,
நான்கு சிலிண்டரிலும் தக்காளி நாற்று.
மூன்றாவதில் நீர் ஒழுகும்.
கீழே ஒரு சாசர்.

அந்த வாரத்து மற்றவை எல்லாம்
எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.
அதிலொன்று அவள் காரிலேயே இருக்கலாம்,
எண்ணைக் குனிந்து பார்த்ததில்லை என்கிறாள்.
ஏப்ரல் விடிகாலையில் அது இருமிப் பற்றும்போது
சுவர் அதிருமாம்,
நாற்றுகள் நான்கும் தலையாட்டுமாம்.

நான் நம்பவில்லை.
சாசரைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.