சுவரைப் பார்த்து நிற்றல்

எடை மெஷினில் ஏறும்போது
சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார் ஷமீமா மேடம்.
எண் எனக்கு வேண்டாமாம், அவர் குறித்துக்கொள்வாராம்.
சுவரில் ஒரு காலண்டர், ஒரு பல்லி.
வெளியே பெஞ்சில் அம்மா,
காசிமேட்டில் விடிகாலையிலிருந்து
தராசு முள்ளையே பார்க்கிறவள்.

முதல் நாள் தூக்குவாளி நிறைய
வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், முட்டை நாலு.
"இத்தத் துன்னா சரியாப்பூடும்ல மேடம்?"
மேடம் சிரிக்கவில்லை.
"பட்டினி கெடந்த உடம்பும்மா.
ஒரேடியா போட்டா ரத்தத்துல உப்பு எறங்கிடும்,
இதயமே தாங்காது.
மொதல்ல ரத்தம் பாக்கணும்,
அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."
அம்மா யோசித்தாள்.
"கரைக்கு இழுக்கற போட்டு மாதிரி.
வெடுக்குனு இழுத்தா கயிறு அந்துடும்."
"அதேதான்" என்று மேடம்
நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

எம்.சி. ரோடு துணிக்கடையில் எனக்கு வேலை.
"பொம்மைக்குக் கட்டுனதும் ஜெசிந்தாவுக்குக் கட்டுனதும்
ஒரே மாதிரி நிக்குது பாரு" என்பார் முதலாளி.
நல்லதாகத்தான் சொன்னார்.
அந்த வருஷம் முழுக்க
அதைத்தான் தின்றேன்.

மாடியில் டாக்டர் இருக்கிறார், மனசைப் பேச.
நான் பேசியது எனக்கே நினைவில் நிற்கவில்லை.
"பசியில இருக்கற மூளைக்குக் காது கேக்காது,
மொதல்ல சோறு" என்றார் மேடம்.
பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்காதே,
அது இப்போது பொய் சொல்லும்.
மணியைக் கேள்.
அதனால் மாதா கோயில் மணி அடித்தால் சாப்பாடு,
கடை ஷட்டர் இறங்கினால் பால்.

ஒரு இட்லியைக் கைக்குட்டையில் சுற்றி
பூனைக்குப் போட்டதைச் சொன்னேன்.
திட்டுவார் என்று தலை குனிந்திருந்தேன்.
"எந்த இட்லி? மொதலா, ரெண்டாவதா?"
"ரெண்டாவது."
"அப்போ மொதல் இட்லி உள்ள போயிடுச்சு.
நாளைக்குச் சட்னிய மாத்திப் பாப்போம்."

பயப்படும் சாப்பாடெல்லாம் எழுதச் சொன்னார்.
உச்சியில் எழுதினேன்: அத்தோ.
பள்ளிக்கூடம் விட்டு வியாசர்பாடியில் இறங்கி
தினமும் தின்றதுதான்.

ஏழாவது மாசம், பர்மா காலனி வண்டிக்கடை.
பிளாஸ்டிக் ஸ்டூலில் எதிரே மேடம்.
கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம்
கையாலேயே பிசைந்து நீட்டினார் கடைக்காரர்.
பாதித் தட்டில் கண் நிறைந்துவிட்டது.
"காரமாம்மா?"
"ஆமாண்ணே."
கேட்காமலே ஒரு கரண்டி
வாழைத்தண்டு சூப் ஊற்றினார்.
ஆவி பறக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மேடம் என்னைப் பார்க்கவேயில்லை,
தன் தட்டில் மும்முரமாக இருந்தார்.