என்ன கலர்?

பாலம்போட்டாற்றில் ஊசி எழும்பத் தொடங்கியது.
கச்சான் காற்று கண்ணாடியில்
மண் எறிந்துகொண்டிருந்த பதினொரு மணி.
ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரைப் போட்டேன்.
வெந்ததற்கு அதுதான் வைத்தியமாம்.
ஊசி கேட்கவில்லை.
கன்னியாவில் ஏழு கிணறு போதாதென்று
எட்டாவது ஒன்று
என் பொனற்றுக்குக் கீழே கொதித்தது.

மூடியைத் தொடாமல் முக்கால் மணித்தியாலம்
வீதியோர நிழலில் நின்றேன்.
அவசரப்பட்டுத் திறந்த ஒருவனின் கையை
முன்பு பார்த்திருக்கிறேன்.

கராஜில் மரியசீலன் ஆறவிட்டுத் திறந்தான்.
விரலை விட்டு எடுத்து வெயிலில் பிடித்தான்.
தேயிலை மண்டியின் நிறம்,
பிசுக்கு மட்டும் வேறு.
"அக்கா, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

சொல்ல வெட்கமாயிருந்தது.
பதினான்கு வருடமாக நான் செய்கிற வேலை
தண்ணீரைச் சோதிப்பது.
ஊர்க் கிணறுகளெல்லாம் சின்னப் போத்தல்களில் வந்து
என் மேசையில் வரிசையாய் நிற்கும்.
வன்மை இவ்வளவு, குளோரைட்டு இவ்வளவு,
பாவனைக்கு உகந்ததல்ல என்று
சிவப்புப் பேனையால் எழுதுகிறவள் நான்.
உப்புவெளியில் என் வீட்டுக் கிணற்றுக்கும்
எழுதியிருக்கிறேன், இதே கையால்.
சவர்க்காரம் நுரைக்காத அந்தத் தண்ணீரைத்தான்
ஞாயிற்றுக்கிழமை தோறும்
புனல் வைத்து ஊற்றினேன்.
காருக்கென்ன நாக்கா இருக்கு என்று.

நிஸ்தார் கடைத் தட்டில் நாலு நிறம்.
பச்சை, சிவப்பு, நீலம், ரோசா.
"என்ன கலர்?" என்றார்.
தேர்தல் முடிந்து இரண்டு கிழமைதான்.
இங்கே சத்தமாய்க் கேட்கக்கூடாத கேள்வி.
பிளக் வாங்க வந்த ஓட்டோக்காரர் சொன்னார்:
"எதையெண்டாலும் விடுங்கோ, கலந்து மட்டும் விடாதையுங்கோ.
கூட்டணி வைச்சா கூழாப்போயிடும்."
கடை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
இந்தக் காரை எனக்கு விற்றவர்
பச்சைக்கு மேல் சிவப்பை விட்டிருக்கிறார்.
அவருடைய சிக்கனம்
குழாய் வளைவில் களியாய்க் கிடந்ததை
மரியசீலன் கம்பியால் தோண்டிக் காட்டியிருந்தான்.

"நிறத்தை நம்பாதையுங்கோ" என்றார் நிஸ்தார்.
"ஒரு கொம்பனியிட பச்சை
மற்றக் கொம்பனியிட பச்சைக்குச் சொந்தமே இல்ல.
பின்பக்கம் வாசியுங்கோ."
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினேன்.
சிலிக்கேற்று, பொஸ்பேற்று, கரிம அமிலம்.
அட, என் மேசைக்காரர்கள்.
சைபருக்குக் கீழே முப்பத்தேழு பாகை வரை
உறையாது என்று உத்தரவாதம்.
திருகோணமலையில்!
மார்கழியிலும் என் தேங்காயெண்ணெய்ப் போத்தல்
உறைந்ததில்லை.

"குளிருக்கில்லை அக்கா" என்றான் மரியசீலன் பிறகு,
"கொதிக்காமலிருக்க. துருவாமலிருக்க."
மட்கார்டைத் தட்டினான்,
செதில் செதிலாய் உதிர்ந்தது.
"இது கடல் தின்றது. உள்ளுக்கு நீங்கள் ஊட்டியிருக்கிறியள்."

நிசான் புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்கினேன்.
அது பச்சையாய் இருந்தது தற்செயல்.
பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர்.
ஆய்வுகூடத்தில் கான் கானாய் இருக்கிறது,
அதைத் தொடவில்லை.
பற்றரிக் கடையில் காசு கொடுத்தேன், பற்றுச்சீட்டும் கேட்டேன்.

மூன்றுதரம் கழுவினான்.
மூன்றாவது தண்ணீர் தெளிவாய் வந்தபோது
பழக்கதோஷத்தில் ஒரு போத்தலில் பிடிக்கப் போனேன்.

பழையதை வடித்த தாச்சி
வாசலில் கிடந்தது.
தெருவால் வந்த புள்ளிமான் ஒன்று
அதற்குள் மூக்கை நீட்டியது.
பஸ் நிலையத்தில் கடுதாசி தின்னும் மான்களை
இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
"ஐயோ, அது இனிக்கும்!" என்று கத்தினான் மரியசீலன்,
"இனிச்சுக் கொல்லும்!"
நான் என்னுடைய வயதை மறந்து பாய்ந்தேன்.
கையில் அகப்பட்ட பலகையால் மூடி
மேலே ஏறி நின்றேன்.

மான் கோபிக்கவில்லை.
போத்தல் வந்த மட்டைப்பெட்டியைக் கவ்விக்கொண்டு
மதிலோரம் போய்ச் சப்பத் தொடங்கியது.
எத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றவேண்டும் என்று
போட்டிருந்த பக்கம்
முதலில் போனது.