ரெண்டு மார்க் கேள்வி

அஞ்சு ரோட்டு மேம்பாலத்துக்குக் கீழே
சனிக்கிழமை ராத்திரி.
ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோனதால்
சபரீஷ் வாயாலேயே தறி ஓட்டினான்,
டடக்கு டடக்கு,
நூல் அறுந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு.
அம்மாபேட்டையில் பத்தொன்பது வருடம்
அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறான்.

'தட்டுவடை' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டவன்
சென்னையைத் திட்டினான்.
அடுத்த அடியிலேயே
சென்னைக்கு டிக்கெட் போட்டான்.
நாங்கள் எல்லோரும் வரியின் வாலைப் பிடித்துத்
தொங்குகிறவர்கள்:
மாஸு, பாஸு, க்ளாஸு.

போலீஸ் ஜீப் ஒருமுறை மெதுவானது.
போய்விட்டது.

செவ்வாய்ப்பேட்டை மோனிஷா முன்னால் வந்தாள்.
விரலிடுக்கில் இன்னும் பற்றுப்பொடி.
"தறியக் கொஞ்சம் மெதுவா ஓட்டு."

பத்த வச்சா கொலுசு
முத்து முத்தா மணி
செத்த நேரம் ஆட்டிப் பாத்து
எத்தன காலுக்கு அனுப்பறேன்
என் காலுக்கு ஷூ

வால் எங்கே என்று தேடினோம்.
தலைப்பக்கம் இருந்தது,
ரெண்டாம் எழுத்தில்,
பத்தாம் வகுப்பில் ரெண்டு மார்க்குக்குப் படித்து
பரீட்சை ஹாலிலேயே
நாங்கள் விட்டுவிட்டு வந்தது.

சபரீஷின் தறி நின்றிருந்தது.

"நிறுத்தச் சொன்னேனா?" என்றாள்.