நேரம் பார்ப்பவன்

தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில்
மடக்கு நாற்காலி அறுபது. ஆள் முப்பத்தொன்று.
எண்ணியவன் நான்தான்; எண்ணுவதற்கென்றே
என்னை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.
மடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை.
கையில், தாதுத் துறைமுகத்தில் ஓய்வு பெற்ற அன்று
கொடுத்தனுப்பிய நிறுத்துக் கடிகாரம்.
நேரம் பார்ப்பவன் கைதட்டக் கூடாது,
முகம் சுளிக்கவும் கூடாது என்று
பாஸ்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

வார்டுக்கு வேட்பாளர் இருவர்.
ரோலண்ட் பீப்லர் சரியாக ஏழுக்கு வந்தார்,
வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு.
மாவிஸ் காஸ்கியைக் காணோம்.
ஏழு பத்து.
ஏழு பதினேழு.
துலூத்தில் அக்டோபர் முடிகிற வாரம்;
ஏரியிலிருந்து ஏறிவந்த காற்று
சன்னல் இடுக்கில் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது.

ஏழு இருபத்தொன்றுக்குப் படியிறங்கினாள்.
கோட்டுத் தோளில் ஈரப்பனி.
மூச்சு இன்னும் மேட்டுத் தெருவிலேயே நின்றது.
"பதினான்காம் எண் வரவில்லை," என்றாள்.
"பேச்சில் பாதி அதுதான். மீதியைச் சொல்கிறேன்."
யாரோ சிரித்தார்கள்.
நான் பொத்தானை அழுத்தினேன்.

மருத்துவமனையில் பதினொன்றரைக்கு வேலை முடிகிறது,
கடைசிப் பேருந்து பதினொன்று பத்துக்கே போய்விடுகிறது,
அந்த இருபது நிமிடத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டாள்.
நிழற்குடை கேட்கவில்லை;
நிழல் யாருக்கும் வேண்டாத ஊர் இது,
காற்றுக்கு முதுகு காட்டி நிற்க ஒரு சுவர் போதும் என்றாள்.
பழைய மெத்தைத் தொழிற்சாலை மனையில்
ஆறு மாடி, எண்பது வீடு வரட்டும் என்றாள்.
கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

திருமதி ஓடெகார்ட் எழுந்து நின்று கேட்டாள்:
"எண்பது வீட்டுக் காரும் எங்கே நிற்கும்?"
"தெரியாது," என்றாள் மாவிஸ்.
"நாற்பதுக்கு இடம் இருக்கிறது.
மீதிப் பேர் பேருந்தை நம்பி வருவார்கள்.
நம்பலாமா என்று மட்டும்
இன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள்."

மஞ்சள் அட்டையைத் தூக்கினேன்.

"பிர்ச் தெருவில் ஒரு கட்டடம் வரவிருந்தது.
வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.
ஜெயித்தோம். கேக் வெட்டினோம்.
அதில் குடிவர இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று
நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. இப்போது நான்—"

சிவப்பு.
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.
பீப்லர் என் சிவப்பை அன்று மூன்று முறை பார்த்தார்,
மூன்று முறையும் பேசி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

என் கார் டிராயரில் ஒரு மனு இருந்தது.
அந்த ஆறு மாடிக்கு எதிராக நாற்பத்தொரு கையெழுத்து.
முதல் பெயர் என்னுடையது.
கட்டடம் எழும்பினால் என் தக்காளிப் பாத்திக்கு
மூன்று மணிக்கே அந்தி.

ஒன்பதுக்கு நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு
வண்டியை எடுத்தேன். திருப்பத்தில்
நிறுத்தக் கம்பத்தோடு கம்பமாக அவள்.
எதிர்ச்சாரியில் ஓரங்கட்டி விளக்கை அணைத்தேன்.
ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.
நேரம் பார்ப்பவன் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது காரணம் இல்லை.

கை தானாகப் பொத்தானை அழுத்தியது.
அவள் கால் மாற்றி நின்றாள். கையை ஊதிக்கொண்டாள்.
காலி பார்சல் லாரி ஒன்று
சேற்றுப் பனியை அவள்மேல் இறைத்துவிட்டுப் போனது.
பக்கத்து இருக்கையில் சிவப்பு அட்டை கிடந்தது.
யாரிடம் காட்டுவது?

பதினான்காம் எண் வந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள்,
இப்போது இரண்டு.
குறித்துவைக்க வேறு தாள் இல்லை.
மனுவைத் திருப்பி, முழங்காலில் வைத்து எழுதினேன்:
இருபத்தாறு நிமிடம், நாற்பது வினாடி.
மறுபக்கம் நான் அழுத்திப் போட்ட கையெழுத்து
பென்சில் முனையில் மேடாகத் தட்டுப்பட்டது.