ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது பேசோ.
போன மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்,
எல்லார் கண்ணிலும் படட்டும் என்று.
பட்டது.
அன்றிரவு சூப்போடு குற்றச்சாட்டும் பரிமாறப்பட்டது.

வாஷிங்டன் சொன்னார்: நவேலின் கணினி.
நவேல் சொன்னான்: மைதே தலை உலர்த்தும் மெஷின்.
மைதே சொன்னாள்: அம்மா காலடியில் வைத்துக்கொள்ளும் ஹீட்டர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மாத்தே குடிக்க வெந்நீர் வேண்டுமென்று
நாளுக்குப் பத்துத் தடவை கெட்டிலைத் தட்டிவிடும் கையை
மட்டும் பார்த்தேன்.
அந்தக் கை ரொட்டி பிய்ப்பதை நிறுத்தியது.

பைசண்டூவில் ஜூலை என்றால்
ஆற்றிலிருந்து குளிர் கதவைத் தட்டாமலே உள்ளே வரும்.

பள்ளி அலுவலகத்தில் பதினேழு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
மொத்தத் தொகையைப் பார்த்து அலறுவது பெற்றோர் வழக்கம்,
வரிவரியாய் இறங்குவது என் வழக்கம்.
இரண்டு சீட்டையும் மேசையில் அருகருகே விரித்தேன்.

முதலில் நாள்.
போனது இருபத்தொன்பது நாளுக்கு, இது முப்பத்து நாலுக்கு.
ஐந்து நாள் கூடுதலாய் வாழ்ந்திருக்கிறோம், அதற்குக் காசு.
சரி.
பிறகு விலை. மாறவில்லை.
நிலைக்கட்டணம், அதுவும் மாறவில்லை.
விளக்கே போடாமல் இருந்தாலும் வந்து உட்காரும்
பண்டிகை உறவினர்போல.
பிறகு யூனிட்:
முன்னூற்று முப்பது அறுநூற்றுப் பன்னிரண்டாகியிருந்தது.
அறுநூறைத் தாண்டிய பன்னிரண்டும் மேல்படி ஏறிக்கொண்டு
கூடப் பிறந்ததுகளைவிட அதிக விலை கேட்டன.
அந்த ஐந்து நாளைத் தள்ளினாலும்
நாளுக்கு ஆறரை யூனிட்
யாரோ தின்றிருக்கிறார்கள்.

கெட்டிலை அளந்தேன்.
ஏழு முறை கொதித்தால்தான் ஒரு யூனிட்,
அதுவும் போன மாதமும் கொதித்ததுதான்.
வாஷிங்டனுக்கு விடுதலை.
இதை அவரிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு
எல்லாவற்றையும் அணைத்தேன்.
குளிர்பெட்டியின் ப்ளக்கையும் பிடுங்கினேன்.
குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்த் தொட்டியை விட்டுவிட்டேன்.
மறந்தேன் என்பதுதான் உண்மை,
சுவரின் ஒரு பகுதியாகிவிட்டது அது.
மீட்டர் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு படுத்தேன்.
காலை ஆறுக்கு
இரண்டு யூனிட் போயிருந்தது,
ஒருவரும் குளிக்காத இரவில்.

தொட்டி தூங்கவில்லை.
யாருக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்தது?
குழாய் ஒவ்வொன்றாய்த் தடவினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்போதுதான் பிஸ்கோச்சோவைப் பார்த்தேன்.
எங்கள் பூனை.
வெயில் எட்டாத சமையலறை மூலையில்,
கதவிலிருந்து ஆறாவது டைலில் சுருண்டு கிடந்தது.
ஒரு மாதமாய் அங்கேதான்.
மெத்தை நாற்காலியை விட்டு இங்கே எதற்கு என்று
கேட்க யாருக்கும் தோன்றவில்லை.
பூனையைத் தள்ளிவிட்டுக் கை வைத்தேன்.
காய்ச்சல் பிள்ளையின் நெற்றி.

அபரீசியோ சுத்தியலோடு வந்தார்.
தரைக்கடியில், செம்புக் குழாயில்,
ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை.
ஆவி எழுந்து அவர் கண்ணாடியை மறைத்தது.
நாலு பேரும் குனிந்து பார்த்தோம்,
சூப் வேளையில் பேசியதெல்லாம் அந்தக் குழிக்குள் கிடப்பதுபோல.
ஒரு மாதமாய் மண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறோம்.
தண்ணீர் பில் இழுப்பறையில் பிரிக்காமல் இருந்தது.
அது நாளைக்கு.

அபரீசியோவின் கூலி அந்தச் சீட்டைவிட அதிகம்.
அடுத்த சீட்டு இறங்கியது, முழுசாய் அல்ல.
நாற்பது யூனிட் இன்னும் எங்கோ.

ஆறிப்போன ஆறாவது டைலை இரண்டு நாள் மோந்து பார்த்து,
என்னை ஒரு முறை முறைத்துவிட்டு,
பிஸ்கோச்சோ குடிபெயர்ந்தது.
இப்போது படுக்கை நவேலின் கணினிப் பெட்டிமேல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் பள்ளிக்குப் போனதும் உள்ளே போய்
கை மட்டும் வைத்துப் பார்த்தேன்.