முனையில் இருபது

சேராங்கோட்டை நண்டுக் கொட்டகையில்
எடை போடும் கம்ப்யூட்டருக்கும்
பில் போடும் கம்ப்யூட்டருக்கும்
நடுவில் பதினோரு எட்டு.
விடிந்ததிலிருந்து ஒன்றையொன்று
தெரியாது என்கின்றன.

என் கைப்பேசியோ
தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றதும்
அக்கரைக் கோபுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்கிறது.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
இந்தக் கரையில் அதுதான் முறை.
பிளக்கின் எட்டுப் பற்களிலும்
உப்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
வெட்டி, சீவி,
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை என்று
முணுமுணுத்து நிறங்களை வரிசை கட்டி
புதுத் தலை வைத்தேன்.
சுவிட்சில் விளக்கு துடித்தது.
பிங் அடித்தேன்.
நான்கு முறை கூப்பிட்டும்
பதிலில்லை.

ஃபயர்வாலை இறக்கினேன்.
ஷேரிங்கைத் திறந்தேன்.
ஆன்டிவைரஸை அரைமணி நேரம் தூங்கச் சொன்னேன்.
கடைசியில் அணைத்துப் போட்டேன்,
எல்லாரும் செய்வதுதான்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

வெளியே ஐஸ் கரைந்து மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.
நம்புசேகரன் கூடைமேல் ஈரச்சாக்கை
மறுபடியும் நனைத்துப் போட்டார்.
"ரெண்டும் ஒரே கொட்டகைலதானய்யா இருக்கு,
ஒரு சத்தம் போட்டாக் கேட்டுருமே."
யாரும் சிரிக்கவில்லை.

கணக்குப் பார்க்கும் பெனடிக்டா
தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுச் சொன்னாள்:
"நேத்து ராத்திரி இடி விழுந்து ரவுட்டர் போச்சு.
மொதலாளி மகன் வீட்ல கெடந்தத
விடியங்காட்டி கொண்டாந்து மாட்டுனாரு."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"நீங்க கேக்கலையே."

செத்துப்போன ரவுட்டர் எல்லாரையும்
ஒன்றாம் தெருவில் குடிவைத்திருந்தது.
இது பூஜ்யம் தெருக்காரன்.
பில் கம்ப்யூட்டர் கொடுத்த முகவரியை வாங்கிக்கொண்டு
சத்தமில்லாமல் வீடு மாறிவிட்டது.
தராசுக் கம்ப்யூட்டருக்கு மட்டும்
மூன்று வருஷத்துக்கு முன் யாரோ
கையால் அடித்துவைத்த நிலையான எண்.
காலியான தெருவில் நின்று
அது ஒவ்வொரு கதவாய்த் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த யாரோ நான்தான்.
முனையில் இருபது.
நான் எப்போதும் இருபதுதான் வைப்பேன்.

ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.
நான்கு பதில்,
ஒரு மில்லி செகண்டுக்குள்.

பில் திரையில் முதல் எடை வந்து விழுந்தது:
நம்புசேகரன், பதினான்கு கிலோ இருநூறு.
கருக்கலில் கைத்தராசில் நிறுத்து
பீடிக்கட்டுத் தாளில் அவர் எழுதிவைத்தது
பதினான்கு அறுநூறு.

தாளை மேஜைமேல் நீவி வைத்தார்.
பெனடிக்டா திரையைப் பார்த்தாள்,
தாளைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

கிரிம்பரைப் பைக்குள் வைக்கிற வேலையை
நான் வெகுநேரம்
செய்துகொண்டிருந்தேன்.